அமலோற்பவத்தின் மணிக்கட்டு

நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.
ஃபஹாஹீலில், மூன்றாம் மாடி அறையில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
ஐந்து பேர் தூங்க, நான் மட்டும்
போன் வெளிச்சத்தில் அவளைக் கெஞ்சுகிறேன்:
நடடி, ஒரு அடி.

அமலோற்பவம் என்று பேர் வைத்தது நான்தான்.
மாசில்லாமல் பிறந்தவள் என்று அர்த்தம்.
லாண்டரிக்காரி எழுதும் கதைக்கு
வேறென்ன பேர் வைப்பது.
பேரோடு சேர்த்து ஒரு தழும்பும் கொடுத்தேன்.
இடது மணிக்கட்டில், இஸ்திரிப் பெட்டியின் மூக்கு போல,
என் கையைப் பார்த்து அச்சாக.

தழும்புக்குக் காரணம் வேண்டுமே.
முதலாளியம்மா சுட்டாள் என்று எழுதினேன்.
ஊரில் யார் படித்தாலும் நம்புவார்கள்;
குவைத் என்றதும் அந்தப் பக்கத்தைத்தான்
தேடிப் புரட்டுவார்கள்.
எழுதிய ராத்திரியிலிருந்து அவள் குனிந்தே நடந்தாள்.
கோடையிலும் முழுக்கை போட்டாள்.
பஸ்ஸில் கடைசி இருக்கை.
யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று நினைப்பு.
இதையெல்லாம் நான் சொல்லித் தரவில்லை.
ஒரு சூடு போட்டேன், மிச்சத்தை
அவளே கற்றுக்கொண்டாள்.

இப்போது ஒரு கதவு இருக்கிறது. திறக்க மாட்டேன் என்கிறாள்.

என் சூடு வேறு.
ஜூலை, வெளியே புழுதிக்காற்று.
ரோவேனா யாரோ ஒருவரின் குத்ராவைத் தலையில் போட்டு
எங்கள் சூப்பர்வைசர் ஃபத்ஹி மாதிரி
மூக்கால் மூச்சு விட்டு நடந்தாள்:
"கஞ்சி போதாது! கஞ்சி போதாது!"
சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்ட
கை எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது.
அவ்வளவுதான். சிரிப்பில் வெந்த கை இது.

எழுதினால் யார் நம்புவார்கள்?

போன வருஷம் ஒரு மலருக்கு
என் வளைகுடா வாழ்க்கையை நான்கு பக்கத்தில் கேட்டார்கள்.
கொடுத்தேன். அதில் விசா இருக்கிறது,
ஏஜென்டுக்குக் கட்டிய வட்டி இருக்கிறது,
தம்பியின் காலேஜ் ஃபீஸ் இருக்கிறது.
தழும்பு இல்லை. ரோவேனாவும் இல்லை.
கதை என்று சொன்னதில் என் தோல் இருக்கிறது.
சத்தியம் என்று சொன்னதில் ஒரு முழுக்கை.

ஏனென்றால் சிரிப்போடு முடியவில்லை அது.
மேசையில் ஒரு திஷ்தாஷா கருகிக் கிடந்தது.
யார் என்று கேட்டார் ஃபத்ஹி.
குத்ராவைக் கழற்றிக்கொண்டே ரோவேனா
"நான்" என்றாள்.
பதினோரு தினார். தொண்ணூறில் பதினோரு தினார்.
குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.
ஜூலையில் இங்கே பைப்புத் தண்ணீரும் வெந்நீர்தான்.
வாய் திறக்கவில்லை.

அன்றிரவு களிம்பு தடவியதும் அவள்தான்.
அடுத்த மார்ச்சில் இலோய்லோவுக்குப் போய்விட்டாள்.
அதற்குப் பிறகு, யார் எது கேட்டாலும்
பதிலுக்கு முன் எனக்கு ஒரு நொடி தேவைப்படுகிறது.
பொறுமைசாலி என்கிறார்கள் அறையில்.
இருக்கட்டும்.

இன்றிரவு முதலாளியம்மாவைக் கோடு போட்டு அடித்தேன்.
பாவம், அவள் என்னை ஒன்றும் செய்ததில்லை.
நாற்பத்தொன்றின் கதவை நானே திறந்து
ரோவேனாவை உள்ளே விட்டேன், குத்ராவோடு.
அமலோற்பவம் சிரித்தாள்,
பல் தெரிய, வரி தாண்டி,
முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு.
பெட்டி பட்டது. துணி கருகியது.
மூக்கால் மூச்சு விட்டபடி வந்தார் ஃபத்ஹி.
"யார்?"

ரோவேனா முந்திக்கொள்ளுமுன்
அமலோற்பவம் ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.
வாய் திறக்கிறாள்.

ஒரே ஒரு சொல்தான்.
அந்த நான்கு பக்கத்தில் அறுபது தடவை எழுதிய சொல்.
எடுத்துக் கொடுக்கப் போனால்
என்னிடம் இல்லை.

வாளி நிரம்பிவிட்டது. ஐந்தரைக்கு வேன்.
தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறேன்,
அதுவரை அப்படியே நில்லடி,
வாயை மூடாமல்.